கமலாம்பிகை வேலைநிறுத்தம் செய்த கதை

என் மச்சாளின் பெயர் கமலாம்பிகை. இதை முதல் வரியிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால், ஜேர்மனியில் எசன் நகரத்தில் முப்பத்து மூன்று வருடமாகக் குடியிருக்கிற அந்த மனுசியை அந்தப் பெயரால் கூப்பிட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை. நான் கூப்பிடுவது மச்சாள். மகள் லக்சிகா கூப்பிடுவது அம்மா. கோயிலில் அவர் ‘முருகேசு அண்ணையின்ர மனிசி’. வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ‘ஃபிராவ் முருகேசு’, அதாவது திருமதி முருகேசு. தாலி கட்டிய என் அண்ணை முருகேசு கூப்பிடுவதோ ‘இஞ்சேரும்’. ‘இங்கே பாரும்’ என்பதன் சுருக்கம். இஞ்சேரும் என்பது ஒரு பெயரா? தெருவில் குடையை விட்டுவிட்டுப் போகிற எவரையும் அப்படிக் கூப்பிடலாம்.

நான் பவளம். முருகேசு அண்ணையின் தங்கை. அவர்கள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. என் மனிசன் தில்லையம்பலம் காலமாகி ஆறு வருடமாகிவிட்டது. அதனால் தேத்தண்ணி நேரத்தில் என்னைத் தேடுகிறவர்கள் மூன்றாம் மாடி மணியைத்தான் அடிப்பார்கள்.

மச்சாளின் பெயர்க் கதை இந்த நாட்டில் கால் வைத்த நாளிலேயே சிக்கலாகிவிட்டது. அவர் வந்தது வேறொரு பெண்ணின் கடவுச்சீட்டில். ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்த பெயரை வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு வந்தாராம். வந்து இறங்கியதும் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களிடம் அப்படியொரு சாமான் கிடையாது. பெண்கள் எல்லாரும் புருஷன் பெயரைக் கொடுத்தோம். மச்சாளும் கொடுத்தார். எழுதித்தான் கொடுத்தார், வாயால் சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தார்.

யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் உன் பெயர் இதுதான் என்று தந்த பெயரை அந்த மனுசி வாழ்நாளில் உச்சரிக்க மாட்டார்! டொக்டரிடம் போனால் காப்புறுதி அட்டையை நீட்டுவார். அட்டை செல்லாத இடத்தில் எழுத்து எழுத்தாகச் சொல்லுவார். லக்சிகாவின் பிறந்தநாளுக்கு ஒருமுறை கேக் சொல்லப் போனபோது, கடைப் பெண் எல்லா எழுத்தையும் எழுதிவிட்டு, “சேர்த்து எப்படிச் சொல்லுவது?” என்று ஆசையாகக் கேட்டாள். “அதை நீயே பார்த்துக்கொள்,” என்று மச்சாள் ஜேர்மன் மொழியில் சொல்லிவிட்டு வந்தார்.

தொலைபேசியில் இன்னும் மோசம். இந்த நாட்டுச் சனம் தங்கள் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் தொலைபேசி எடுக்கும். மச்சாள் ‘ஹலோ’ என்றுவிட்டு நிற்பார். மறுமுனை பெயருக்காகக் காத்து நிற்கும். இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். கோயிலில் சனமெல்லாம் ‘முருகா, முருகா’ என்று உருகும்போது மச்சாள் ‘கந்தா’ என்று தனி வழியில் உருகுவார். முருகன் இதுவரை குறை சொன்னதாகத் தெரியவில்லை.

வேலையும் பெயரோடுதான். முதியோர் இல்லத்துச் சலவைக் கூடத்தில் இருக்கிறார். அங்கே வந்து சேருகிற ஒவ்வொரு கிழவர் கிழவியின் உடுப்பிலும் பெயர்த்துண்டு வைத்து அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் பெனியன் இன்னொருவர் உடம்பில் ஏறிவிடும். ஒரு ஒற்றைச் சொக்ஸுக்குக்கூட அந்த இல்லத்தில் சொந்தப் பெயர் உண்டு. மச்சாளின் முழங்கால் போனதும் அந்தச் சலவைக் கூடத்தின் சீமெந்துத் தரையில்தான்.

அண்ணை போன வருடம் ஓய்வு பெற்றார். அதுவரை இரும்புக் குழாய்க் கம்பனியில் இரவு பகலாக மாறி மாறி வேலை. வீட்டில் அவர் இருந்தது நித்திரைக்குத்தான். இப்போது நாள் முழுக்க விழித்திருக்கிறார். விழித்திருக்கிற நேரமெல்லாம் ‘இஞ்சேரும்’ தான். இஞ்சேரும், கண்ணாடி எங்க. இஞ்சேரும், இண்டைக்கு என்ன கிழமை. இஞ்சேரும், மழை வருதோ எண்டு பாரும். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர்தான்.

இந்த நிலையில்தான் ஜப்பான்காரர் வந்து சேர்ந்தார்கள்.

லக்சிகா ஹனோவரில் வேலை பார்க்கிறாள். தாயின் முழங்காலுக்கு ஓய்வு வேண்டும், சும்மா இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார் என்று, வந்த ஒரு சனி ஞாயிறில் ஒரு ஜப்பானியத் தொடரைப் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். ‘பக்கத்து மேசையில் மழை’ என்று பெயர். முதலில் சித்திரக் கதையாக வந்து, பிறகு தொலைக்காட்சிக்கு எடுத்ததாம். கீழே ஜேர்மன் எழுத்து ஓடும். நாங்கள் அதைக் ‘குடைக் கம்பனி’ என்போம். வெள்ளிக்கிழமை பின்னேரம், மச்சாள் வேலை முடிந்து வந்ததும், நான் பொரித்த றோல்ஸ் பலகாரத் தட்டோடு மேலே ஏறிவிடுவேன்.

கதை பெரிய கதையில்லை. ஒரு சின்ன ஊரில் குடை செய்கிற கம்பனி. குவாதா என்று ஒரு பெட்டை, மேசை முழுக்கப் பிஸ்கற் தூள். பக்கத்து மேசையில் தோயாமா என்று ஒரு பெடியன், பென்சிலைக்கூட நேர்கோட்டில் வைக்கிற சாதி. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் குடும்பஸ்தர்களைத்தான் நம்புவார் என்பதால், முதலாளி இவர்கள் இரண்டு பேரையும் புருஷன் பெண்சாதி என்று சொல்லிவிடுகிறார். அப்புறம் பொய்யைக் காப்பாற்ற ஒரே வீட்டில் இருந்து, ஒரே சோற்றைத் தின்று, ஆளுக்கு ஆள் காதல் வந்து, அதைச் சொல்லாமல் வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். ஒரு வசனம் சொன்னால் முடிகிற விசயம்! எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் சனத்தின் கலியாணப் பேச்சே இதைவிட வேகமாக நடக்கும் என்று ஒவ்வொரு வெள்ளியும் சத்தம் போடுவேன். மச்சாள், “பேசாமல் பாரும், பவளம்,” என்பார்.

அந்த ஊர் வழக்கம் ஒன்றை அப்போதுதான் அறிந்தோம். ஜப்பானில் ஒருவரை ஒருவர் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லுவதென்றால் அது நெஞ்சைத் திறந்து காட்டுகிற மாதிரி. தொடர் முக்கால்வாசி ஓடியபின் ஒரு பாகத்தில், ரயில் மேடையில், கம்பி உடைந்த குடை ஒன்றின் கீழ் நின்று, அந்தப் பெடியன் முதல்முறையாக ‘நட்சுமி’ என்கிறான். அதுதான் அவளுடைய சொந்தப் பெயர். அவள் கையிலிருந்த சோற்றுப் பெட்டி கீழே விழுகிறது.

நான் ‘அப்பாடா’ என்று றோல்ஸ் ஒன்றை எடுத்தேன். பக்கத்தில் மச்சாள் அழுதுகொண்டிருந்தார். விம்மி விம்மி, தோளில் கிடந்த துவாயை வாயில் வைத்துக்கொண்டு.

“என்ன மச்சாள், அவை சேர்ந்திட்டினம்தானே?”

“பவளம், உங்கட அண்ணை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீர் எப்பவாவது கேட்டனீரா?”

யோசித்தேன். கலியாண வீடு, பிள்ளைப்பேறு, வீடு மாறியது, சண்டை பிடித்தது எல்லாவற்றையும் யோசித்தேன். இல்லை.

“அங்க சொக்ஸுக்கும் பேர் வைக்கிறன்,” என்றார் மச்சாள். “என்ர பேரைச் சொல்ல ஒரு சனம் இல்லை. அம்மா இருக்குமட்டும் ரெலிபோனில கூப்பிட்டவ. அவவும் போனபிறகு ஒருத்தரும் இல்லை. நான் சாகமுதல் ஒருக்கா அவற்ற வாயால கேக்கோணும். கல்லில எழுதினபிறகு எனக்கு எதுக்கு?”

அடுத்த அறையிலிருந்து, “இஞ்சேரும், தேத்தண்ணி இல்லையோ?” என்று குரல் வந்தது. மச்சாள் எழும்பவில்லை.

இப்படித்தான் வேலைநிறுத்தம் தொடங்கியது. அறிவிப்பு அன்றைக்கே வழங்கப்பட்டது: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சமையல் நடக்கும், உடுப்புத் தோய்க்கப்படும், பேச்சு மட்டும் கிடையாது. தானும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. அண்ணை அதைக் கேட்டுச் சிரித்தார். “அறுபது வயசில பேர் சொல்லி விளையாடவோ? சனம் கேட்டால் வாயால சிரிக்காது,” என்றார். ஐம்பத்தெட்டுத்தான் என்று மச்சாள் திருத்தியிருப்பார், ஆனால் பெயர் சொல்லப்படவில்லையே.

முதல் நாள் கோப்பித் தூள் எங்கே என்று கேட்டார். பதில் இல்லை. தன் சொந்தக் குசினியில் எல்லா அலுமாரிக் கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் சுடுதண்ணீர் குடித்தார். மறுநாள் கரண்டியால் கோப்பையில் தட்டிப் பார்த்தார். கை தட்டினார். செருமினார். அதற்குப் பிறகு புத்தியைப் பாவித்து, கூடத்தில் இருந்தபடி குசினியில் நின்ற மச்சாளின் கைத்தொலைபேசிக்கு அழைத்தார். மச்சாளின் தொலைபேசியில் அண்ணை ‘அவர்’ என்றுதான் இருப்பார். அண்ணையின் தொலைபேசியில் மச்சாள் ‘வீடு’.

“ஹலோ, ஆரோட கதைக்கோணும்?” என்றார் மச்சாள்.

“உம்மோடதான்.”

“உம் எண்டு இஞ்ச ஒருத்தரும் இல்லை. பிழையான நம்பர்.”

நான் அப்போது குசினியில்தான் இருந்தேன். சிரிப்பை அடக்க இரண்டு வெங்காயம் உரித்தேன்.

சூப்பர் மார்க்கெட்டில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. அண்ணை பால் பக்கம், மச்சாள் வெறும் போத்தல் போடுகிற மெசின் பக்கம். நடுவில் சனிக்கிழமைக் கூட்டம். வண்டி மச்சாளிடம், காசு அட்டை அண்ணையிடம். அண்ணை முதலில் ‘இஞ்சேரும்’ என்றார். பிறகு ‘ஹலோ’ என்றார். நாலு ஜேர்மன்காரர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் நெஞ்சு நிறைய மூச்செடுத்து, “லக்சிகாவின்ர அம்மா!” என்று கத்தினார். மச்சாளின் தலை பாதி திரும்பியது. நான் பக்கத்தில் நின்று, “அது லக்சிகாவின்ர பேர், மச்சாள்,” என்றேன். தலை திரும்பிப் போத்தல் பக்கமே போய்விட்டது. வேலைநிறுத்தத்தை உடைக்க விடலாமா?

அண்ணை பிடிவாதக்காரர், ஆனால் மடையர் இல்லை. எதிரி எங்கிருந்து ஆயுதம் எடுக்கிறான் என்று பார்க்க முடிவு செய்தார். நகர நூலகத்தில் சூடாக இருக்கும், பேப்பர் சும்மா கிடைக்கும் என்பதால் அவர் அங்கே அடிக்கடி போகிறவர். அங்கே நீலத் தலைமயிர்ப் பெட்டை ஒருத்தியிடம் குடைக் கம்பனிப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அவள் தலையணை அளவில் ஒரு தடித்த சித்திரக் கதையை எடுத்துக் கொடுத்தாள். முழுக் கதையும் ஒரே புத்தகத்தில், ஜேர்மன் மொழியில். அதைச் சாராயப் போத்தலை மறைப்பதுபோல ஜாக்கெற்றுக்குள் வைத்துக் கொண்டுவந்து, அறையைப் பூட்டி வாசித்தார்.

அடுத்த வெள்ளி, நாங்கள் தொலைக்காட்சியைப் போடுவதற்கு முன், புத்தகத்தோடு வந்து நடுக் கூடத்தில் நின்றார். என்னைப் பார்த்துத்தான் பேசினார். மற்றவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிட முடியாதே.

“பவளம், நீங்கள் பாக்கிற கதையை நான் முழுக்க வாசிச்சிட்டன். ஜப்பான்காரர் புத்திசாலியள். உன்ர மச்சாளிட்டச் சொல்லு, இந்தக் கதை என்ர பக்கம்.”

“எப்பிடி அண்ணை உங்கட பக்கம்?”

“கேள். துவக்கத்திலயே கலியாணம். கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கினம். வாய்க்கு வாய் பேர் சொல்லுகினம். சின்னஞ்சிறுசுகள்தானே, சரி. பிறகு மெல்ல மெல்ல மரியாதை வருது. பேரை விடுகினம். ஒரு கட்டத்தில இவன் பேர் சொல்லுறதை நிப்பாட்டிப் போடுறான். கடைசியில ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசையில இருந்து, ஒருத்தரை ஒருத்தர் நிமிந்து பாக்காமல், தங்கட தங்கட வேலையைப் பாக்கினம். வடிவான முடிவு. உலகத்தில எல்லா வீட்டிலயும் நடக்கிறதுதான்.”

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எங்கள் புத்தகங்களைத் திறக்கிற பக்கத்தால் திறந்திருக்கிறார். ஜப்பான் சித்திரக் கதையை மற்றப் பக்கத்தால் திறக்க வேண்டும். அவர் திறந்த இடத்தில் பெரிய எழுத்தில், ‘நில்! இது கடைசிப் பக்கம்’ என்று போட்டும் இருக்கிறது.

“இதை வாசிக்கேல்லையோ?”

“இந்த நாட்டில எங்கதான் நில் எண்டு எழுதேல்லை? புல்லில ஏறாதே, ஞாயிற்றுக்கிழமை போத்தல் போடாதே. அப்பிடி ஒண்டெண்டு விட்டிட்டன்.”

“கேள்விக்கு முன்னாலயே பதில் வந்திருக்குமே! அதுவும் விளங்கேல்லையோ?”

“அதில என்ன அதிசயம்? இந்த வீட்டில நான் வாய் திறக்க முதல் எனக்குப் பதில் வாறேல்லையோ?”

நான் சிரித்த சிரிப்பில் இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. கதிரையிலிருந்து வழுக்கி நிலத்துக்கே வந்துவிட்டேன். நிலத்தில் இருந்தபடி மேலே பார்த்தபோதுதான் தெரிந்தது, மச்சாள் சிரிக்கவில்லை.

“அவர் வாசிச்சதில பிழையில்லை, பவளம்,” என்றார். “கதை அப்பிடித்தான் போகும். ஆனா அவை முதல் பக்கத்திலயாவது கூப்பிட்டவை. எங்களுக்கு அந்த முதல் பக்கமும் இல்லை.”

அண்ணையின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. புத்தகத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார்.

இரண்டொரு நாளில் சரியான பக்கத்தால் வாசித்து முடித்துவிட்டார். முடித்தவர் திரும்பவும் ஆயுதத்தோடுதான் வந்தார். சித்திரக் கதையில், ரயில் மேடையில், முதலில் பெயர் சொல்லுகிறது பெட்டையாம்! அவள் சொன்ன பிறகுதான் பெடியன் சொல்லுகிறானாம். தொலைக்காட்சிக்கு எடுக்கும்போது மாற்றிவிட்டார்கள். பக்கத்தை விரித்து மேசையில் வைத்து விரலால் காட்டினார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு மூன்றாம் மாடியில் பட்டிமன்றம்தான். மூலத்தில் என்ன இருக்கோ அதுதான் சரி என்று அண்ணை என்னிடம் சொன்னார். உலகம் பார்த்தது ரீவியைத்தான் என்று மச்சாள் என்னிடம் சொன்னார். நடுவராகத் தொலைபேசியில் வந்த லக்சிகா, “ரெண்டு பேரும் ஒண்டாச் சொல்லித் துலையுங்கோ, எனக்கு மீற்றிங்,” என்று வைத்துவிட்டாள்.

கடைசியில் அண்ணை என்னை விட்டுவிட்டு நேரே மச்சாளைப் பார்த்தார்.

“நீர் முதல் என்ர பேரைச் சொல்லும். நான் பிறகு சொல்லுறன்.”

மச்சாளின் முகத்தில் இரத்தம் இல்லை. வேலைநிறுத்தக்காரருக்குச் சம்பளத்தைக் கூட்டித் தருகிறேன், ஆனால் தீயில் கையை வை என்றதுபோல. உடுப்புக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே சலவை நிலவறைக்கு இறங்கிவிட்டார். அந்த முழங்காலோடு. நான் பின்னால் ஓடினேன்.

நிலவறையில் மெசின் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சாள் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தார்.

“எனக்கு ஏலாது, பவளம். அவருக்கு ஏற்கெனவே பிறசர். நான் சொல்லி ஏதும் நடந்தால்? என்ர பேருக்கு ஆசைப்பட்டு அவரைத் துலைக்கவோ? விடும். இவ்வளவு காலம் இஞ்சேரும் எண்டு இருந்தன்தானே, இனியும் இருப்பன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

“மச்சாள், நான் என்ர மனிசன்ர பேரை ஒருநாளும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரியும்தானே? உங்களைவிட நான் கவனம். எழுத்துக்கூட்டியும் சொன்னதில்லை. அப்பிடிப் பாத்துப் பாத்துக் காப்பாத்தின மனிசன் அறுபத்தொரு வயசில போயிட்டார். முதல் முதல் நான் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னது எங்க தெரியுமோ? செத்ததைப் பதியப் போன கந்தோரில. அந்தப் பெட்டைக்கு விளங்காமல் மூண்டு தரம் கேட்டாள். மூண்டு தரமும் சொன்னன். தில்லையம்பலம், தில்லையம்பலம், தில்லையம்பலம். அவர் இருக்கேக்க ஒருக்காச் சொல்லியிருந்தால் திரும்பிப் பாத்திருப்பார்.”

மெசின் நின்றது. மச்சாள் என் கையைப் பிடித்தார். இருவருமாக ஈர உடுப்பை உதறிக் கொடியில் போட்டோம். அண்ணையின் சேட்டுகள்தான் அதிகம்.

வேலைநிறுத்தம் முடிந்ததாகவும் இல்லை, நடப்பதாகவும் இல்லை என்ற நிலையில் வெள்ளிக்கிழமை வந்தது. தொடரின் கடைசிப் பாகம் மிச்சம். நான் மேலே போனபோது மச்சாள் குசினி மேசையில் தொலைபேசியை வைத்து ஒலிபெருக்கியில் போட்டிருந்தார். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியிருந்தது. எலும்பு டொக்டரிடம் டெர்மீன் எடுக்க வேண்டும். டெர்மீன் என்றால் நாள் குறிப்பது. இந்த நாட்டில் நோவுக்குக்கூட நாள் குறித்துத்தான் நோக வேண்டும். வழமையாக அண்ணைதான் எடுத்துக் கொடுப்பார். தன் பெயரைச் சொல்ல அவருக்கென்ன கஷ்டம்? ஆனால் அவரிடம் எதுவும் கேட்பதில்லை என்று சபதம். அவரோ குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த டொக்டரிடம் முன்பு தொலைபேசியில் ஒரு பெண் இருந்தாள். எழுத்தைச் சொன்னால் எழுதிக்கொள்வாள். இப்போது அவளுக்குப் பதிலாக ஒரு மெசின் குரல். தேன் ஒழுகப் பேசும்.

“உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள்,” என்றது மெசின்.

மச்சாள் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

“மன்னிக்கவும், விளங்கவில்லை. உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள்.”

மச்சாள் என்னைப் பார்த்தார். “பவளம், நீர் ஒருக்காச் சொல்லும்.”

“நான் சொல்ல மாட்டன். நோகிறது என்ர முழங்காலோ?”

“சொல்லுமப்பா, வைக்கப்போகுது.”

“வைக்கட்டும்.”

நான் அவ்வளவு கல்நெஞ்சுக்காரி இல்லை. அந்த நேரத்தில் இருந்தேன்.

“மன்னிக்கவும், விளங்கவில்லை,” என்றது மெசின். “உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள்.”

மச்சாள் குளியலறைக் கதவைப் பார்த்தார். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினார்.

“முருகேசு,” என்றார். எனக்கே அரைவாசிதான் கேட்டது.

“மன்னிக்கவும்...”

“முருகேசு.”

“மன்னிக்கவும், விளங்கவில்லை. தயவுசெய்து சத்தமாகச் சொல்லுங்கள்.”

“முருகேசு!”

அது மெசினுக்குச் சொன்னது இல்லை. முப்பத்து மூன்று வருடமும் சேர்ந்து ஒரே மூச்சில் வெளியே வந்தது. மேசையிலிருந்த கரண்டி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. அண்ணை இடுப்பில் துவாய், தலை முழுக்கச் சம்பூ நுரை, ஈரக்கால் வழுக்க வழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என்ன கமலம்? என்ன நடந்தது? விழுந்திட்டீரோ?”

மச்சாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, சொல்லிப்போட்டன்,” என்று விரல்களுக்குள்ளால் சத்தம் வந்தது. அண்ணையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அண்ணையும் தன்னைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார், எல்லாம் இருக்கிறதா என்பதுபோல.

“நான் சாகேல்லை,” என்றார்.

மெசின் நன்றி சொல்லி, பிறந்த திகதியைக் கேட்டது. நான் அதன் வாயை அடைத்தேன். முழங்கால் திங்கட்கிழமை வரை பொறுக்கும்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் சொன்னது கமலாம்பிகை இல்லை, கமலம். பயந்து ஓடி வருகிற மனிசனுக்குப் பெயரைச் சுருக்கி யோசிக்க நேரம் ஏது? நாக்கில் பழகின பெயர்தான் அப்படி வரும். மச்சாளுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். கையை வாயிலிருந்து எடுத்தார்.

“கமலம் எண்டு எப்ப பழகினீங்கள்?”

அண்ணைக்கு நுரை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணால் நிலத்தைப் பார்த்தார். வெட்கப்பட்டார். அறுபத்தாறு வயதில், என் முன்னால், துவாயோடு நின்று வெட்கப்பட்டார்.

“நான் எப்பவும் அப்பிடித்தான் சொல்லுறனான்,” என்றார். “உமக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லேல்லை. அவ்வளவுதான்.”

மச்சாள் மேசையைப் பிடித்து எழும்பினார். நொண்டி நொண்டி அவரிடம் போய், தன் சேலைத் தலைப்பால் அவருடைய கண்ணிலிருந்த நுரையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, எனக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாக, அந்தப் பெயரை இன்னொருமுறை சொன்னார். எனக்குச் சந்தோசமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். றோல்ஸ் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு என் வீட்டுக்கு இறங்கிவிட்டேன்.